கிழக்கே பிறந்த நாள், மேற்கே நடக்கும் விழா

ஜூலை 14 காலை. பாரிஸ் நகரின் மேற்குப் பாதியில், வெற்றி வளைவின் பக்கமிருந்து பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் திறந்த ராணுவ வண்டியில் நின்றபடி ஷான்ஸ் எலிசே சாலையில் இறங்கி வருகிறார். கூடவே குடியரசுக் காவல் படையின் குதிரை வீரர்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலை கான்கார்ட் சதுக்கத்தில் முடிகிறது. அங்கே மேடை, வெளிநாட்டு விருந்தினர், தூதர்கள். பிறகு ராணுவப் பள்ளி மாணவர்கள், காலாட்படை, தீயணைப்புப் படை, கவச வண்டிகள், நிமிடத்துக்கு 88 காலடி என்ற மெதுவான தாளத்தில் நடந்து வரும் வெளிநாட்டவர் படையணி. வானத்தில் நீலமும் வெள்ளையும் சிவப்புமாகப் புகை. பிரான்சின் தேசிய விழா என்றதும் உலகம் நினைப்பது இந்தக் காட்சியைத்தான்.

ஆனால் விழா நினைவுகூரும் நிகழ்ச்சிக்கும் இந்தச் சாலைக்கும் ஒட்டு உறவு கிடையாது. வெற்றி வளைவு நெப்போலியன் 1806இல் தன் படைகளின் புகழுக்காகக் கட்டத் தொடங்கியது; முடிந்தது 1836இல். கான்கார்ட் சதுக்கம் பதினாறாம் லூயி மன்னன் 1793 ஜனவரி 21 அன்று தலை வெட்டப்பட்ட இடம். 1789 ஜூலை 14 அன்று மக்கள் பிடித்த பாஸ்டில் கோட்டை அங்கிருந்து கிழக்கே மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றது. அணிவகுப்பு அந்தப் பக்கம் போவதில்லை.

தலைநகரில் தேசிய விழா நடப்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். பாரிஸ் செய்தது அதற்கும் மேலே. விழாவுக்குரிய நாளையே நாட்டுக்குக் கொடுத்தது அந்த நகரம்; இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், அந்த நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த தச்சர்களின் பேட்டை. நாடு அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு, விழாவின் தலைமைச் சடங்கைப் பிறந்த பேட்டையிலிருந்து விலக்கி வைத்தது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்தது என்பதைப் பாரிசின் தெருக்களைப் பின்தொடர்ந்தே படிக்க முடியும்.

பாஸ்டில் 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் மன்னன் காலத்தில் எழுந்தது. எட்டுக் கோபுரங்கள். நகரின் கிழக்கு வாயிலைக் காக்கக் கட்டிய அரண், பின்னர் அரசனின் சிறைச்சாலையாக மாறியது. அதன் நிழலில், நகர மதிலுக்கு வெளியே, சேந்த் அந்துவான் என்ற பேட்டை வளர்ந்தது. அந்த நிலம் பெண்துறவியர் மடம் ஒன்றின் ஆளுகையில் இருந்ததால் பாரிசின் கைவினைச் சங்கங்களின் கெடுபிடி அங்கே செல்லவில்லை. சங்கத்தில் சேர வசதியில்லாத தச்சர்களும் மேசை நாற்காலி செய்வோரும் பூட்டு வேலை செய்வோரும் அங்கே பட்டறை போட்டார்கள். கோட்டையின் பீரங்கிகள் எந்நேரமும் அவர்களைப் பார்த்தபடி நின்றன.

1789இல் அந்தப் பேட்டை பசியில் இருந்தது. முந்தைய ஆண்டு விளைச்சல் கெட்டுப்போய், நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி பதினான்கரை சூ நாணய விலைக்கு ஏறியது. ஒரு கூலியாள் நாளெல்லாம் உழைத்தால் கிடைப்பது இருபதிலிருந்து முப்பது சூ. கோட்டை விழுவதற்கு இரண்டரை மாதம் முன்பே, ஏப்ரல் 27, 28 தேதிகளில், ரெவேயோன் என்ற சுவர்த்தாள் முதலாளியின் வீடும் ஆலையும் சூறையாடப்பட்டன. கூலியைக் குறைக்கப் பேசினார் என்று பரவிய சேதிதான் காரணம். படை வந்து சுட்டது. பலர் மாண்டார்கள். ஜூலை 11 அன்று மன்னன், மக்கள் நம்பிய நிதி அமைச்சர் நெக்கரை வெளியேற்றினான். அடுத்த இரண்டு இரவுகளில் நகரைச் சுற்றியிருந்த சுங்கச் சாவடிகள் பெரும்பாலும் எரிந்தன. உணவுப் பொருள் நகருக்குள் நுழையும்போது வரி வசூலித்த இடங்கள் அவை. ஆத்திரம் எதன்மேல் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

14ஆம் தேதி காலை கூட்டம் ஆயுதம் தேடி முதலில் போனது நகரின் மறுபக்கத்துக்கு. மேற்கே இருந்த அன்வாலிட் மாளிகையில் முப்பதாயிரம் துப்பாக்கிகள் வரை கிடைத்தன. வெடிமருந்துதான் இல்லை. அது சில நாள் முன்பு பாஸ்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தது, 250 பீப்பாய்கள். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் நகரை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து போனார்கள். ஜூலை 14இன் முதல் ஊர்வலம் அதுதான். சிறையிலிருந்து யாரையும் மீட்பது அவர்களின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. உள்ளே இருந்த கைதிகளும் ஏழே பேர்: பத்திரம் திருத்திய நால்வர், சித்தம் கலங்கிய இருவர், குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அடைபட்டிருந்த ஒரு பிரபு.

கோட்டைத் தலைவன் துலோனேயிடம் 82 முதிய சிப்பாய்களும் 32 சுவிஸ் வீரர்களும் இருந்தனர். பிற்பகல் தொடங்கிய சண்டை ஐந்து மணி அளவில் முடிந்தது. மன்னனின் காவற்படையிலிருந்து கட்சி மாறிய வீரர்கள் பீரங்கிகளை இழுத்து வந்து வாயிலுக்கு நேரே நிறுத்தியதும் பாலம் இறங்கியது. தாக்கியவர்களில் ஏறத்தாழ நூறு பேர் மாண்டிருந்தனர். காத்தவர்களில் சண்டையில் இறந்தவர் ஒருவர். துலோனேயை நகர மண்டபத்துக்கு நடத்திப் போகும் வழியில் கூட்டம் கொன்றது. அவன் தலை ஈட்டியில் ஏறியது. இந்தத் தலை பிற்காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பேசப்படும்.

வெற்றி பெற்றவர்களின் பெயர்களைப் புரட்சி அரசு பின்னர் பட்டியலிட்டது. 954 பெயர்கள், கிடைத்த விவரங்களில் தச்சர், மரவேலையாளர், பூட்டுத் தொழிலாளர், செருப்புத் தைப்பவர் என்று தொழில்கள் நீள்கின்றன. அந்தப் பட்டியலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ரூடே. கவனித்துப் படித்தால் ஒரு செய்தி துலங்குகிறது: அவர்களில் பெரும்பங்கினர் பிழைப்புத் தேடி மற்ற மாகாணங்களிலிருந்து பாரிசுக்கு வந்தவர்கள். பாரிசின் நாளைப் படைத்தவர்களில் பலர் பாரிசில் பிறக்கவில்லை. பின்னால் இந்த நாள் நாடு முழுவதற்கும் பொருந்திப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பலுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் உடனே ஆட்களை இறக்கிக் கோட்டையை இடிக்கத் தொடங்கினார். நல்ல வியாபாரி, புரட்சியின்மேல் உண்மையான பற்றும் கொண்டவர். இடித்த கல்லில் சிறிய பாஸ்டில் உருவங்கள் செய்து நாட்டின் 83 மாவட்டங்களுக்கும் அனுப்பினார். ஒரு பேட்டையில் நடந்த சம்பவம் கல் வடிவில் பிரான்ஸ் முழுதும் போய்ச் சேர்ந்தது. மீதிக் கற்களில் ஒரு பகுதி, அப்போது செய்ன் ஆற்றின்மேல் எழுந்துகொண்டிருந்த ஒரு பாலத்துக்குப் போயிற்று. இன்று அதன் பெயர் கான்கார்ட் பாலம். அதாவது, குடியரசுத் தலைவரின் மேடை இருக்கும் சதுக்கத்தை ஒட்டியே பாஸ்டிலின் கற்கள் கிடக்கின்றன. அணிவகுப்பு வழிக்கும் 1789க்கும் உள்ள கல்லால் ஆன ஒரே இணைப்பு அது. பார்வையாளர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கொடியும் அப்படி வந்ததுதான். நீலமும் சிவப்பும் பாரிஸ் நகரின் வண்ணங்கள். ஜூலை 17 அன்று மன்னன் நகர மண்டபத்துக்கு வந்து, மேயர் பையி கையிலிருந்து அந்த வண்ணச் சின்னத்தை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டான். அரச வெள்ளை அந்த இரண்டுக்கும் நடுவே சேர்ந்தது. அந்தச் சேர்க்கைக்குக் காரணர் தேசியக் காவற்படைத் தலைவர் லஃபாயெட் என்பது வழக்கு. இன்று ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் பறக்கும் பிரெஞ்சுக் கொடியின் மூன்றில் இரண்டு பங்கு ஒரு நகரத்தின் சொத்து.

அடுத்த ஆண்டு நாடு பாரிசுக்கு வந்தது. 1790 ஜூலை 14, ஷாம் து மார்ஸ் மைதானம். கூட்டமைப்பு விழா என்று பெயர். மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கான காவற்படையினர் நடந்தே வந்தார்கள். மைதானத்தைச் சுற்றி மண்மேடு எழுப்ப வேண்டும். கூலிக்கு அமர்த்திய ஆட்களால் குறித்த நாளுக்குள் முடியாது என்று தெரிந்ததும் ஊரே மண்வெட்டி எடுத்தது. சீமாட்டிகளும் துறவிகளும் கசாப்புக் கடைக்காரர்களும் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளியதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விழா நாளில் மழை கொட்டியது. ஆயர் தலேரான் திருப்பலி நடத்தினார், லஃபாயெட் உறுதிமொழி எடுத்தார், மன்னனும் எடுத்தான். லட்சக்கணக்கானோர் நனைந்தபடி நின்று ஆரவாரித்தார்கள். அந்த ஒற்றுமை ஓராண்டு மூன்று நாள் நீடித்தது. 1791 ஜூலை 17 அன்று அதே மைதானத்தில், மன்னனை நீக்கக் கோரி மனுவில் கையெழுத்திட வந்தவர்கள்மீது லஃபாயெட்டின் காவற்படை சுட்டது. உத்தரவுக்குப் பொறுப்பான மேயர் பையியை 1793 நவம்பரில் புரட்சி நீதிமன்றம் தலை வெட்டிக் கொன்றது.

ஆக, ஜூலை 14 என்பதற்குள் இரண்டு நாள்கள் உண்டு. ஒன்று 1789, ரத்தம் சிந்திய நாள். மற்றது 1790, கை கோத்த நாள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இந்த இரட்டைத்தன்மைதான் அரசியல்வாதிகளுக்குக் கை கொடுத்தது.

அதற்கு இடையில், நெப்போலியன்களின் காலத்தில் ஆகஸ்ட் 15 அரச விழா. மீண்டு வந்த மன்னர்களுக்கு வேறு விழாக்கள். பாஸ்டில் சதுக்கத்தில்கூட 1789க்கு நினைவுச் சின்னம் எழவில்லை. நெப்போலியன் அங்கே வெண்கல யானை ஒன்றை நிறுத்த நினைத்தான்; முழு அளவில் சாந்தினால் செய்த மாதிரி மட்டும் 1846 வரை நின்று எலிகளுக்கு வீடாயிற்று. விக்தோர் யூகோவின் ‘ஏழை படும் பாடு’ நாவலில் தெருப் பையன் கவ்ரோஷ் படுத்துறங்குவது அந்த யானையின் வயிற்றில்தான். இன்று சதுக்கத்தின் நடுவில் நிற்கும் ஜூலைத் தூண் 1840இல் திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பலரும் அதைப் பாஸ்டில் நினைவுத்தூண் என்று எண்ணிப் படம் எடுக்கிறார்கள். அது 1830 ஜூலைப் புரட்சியில் மாண்டவர்களுக்கானது. அவர்களின் எலும்புகள் அதன் அடியில் இருக்கின்றன.

பிறகு வந்தது 1871. நகர மக்கள் அரசை எதிர்த்துத் தாமே ஆள முனைந்த பாரிஸ் கம்யூன் எழுச்சியை வெர்சாய் நகரிலிருந்த அரசு மே மாதக் கடைசி வாரத்தில் படை அனுப்பி நசுக்கியது. ஆயிரக்கணக்கானோர் சுடப்பட்டனர்; ஆயிரக்கணக்கானோர் பசிபிக் கடலின் நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். தலைநகரை அரசே நம்பவில்லை. நாடாளுமன்றம் 1879 வரை வெர்சாயிலேயே கூடியது. பாரிசுக்கு மேயர் பதவியே மறுக்கப்பட்டது. நகர மக்களின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்த மேயர் 1977இல்தான் வந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்ட தண்டனை.

தேசிய விழாவுக்கான சட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 1879 கடைசியில் நாடாளுமன்றம் பாரிசுக்குத் திரும்பியது. 1880 மே 21 அன்று பாரிசை உள்ளடக்கிய செய்ன் மாவட்ட உறுப்பினர் பெஞ்சமின் ரஸ்பாய், ஜூலை 14ஐத் தேசிய விழாவாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். வேறு தேதிகளும் பேசப்பட்டன: பிரபுக்களின் சலுகைகள் ஒழிந்த ஆகஸ்ட் 4, முதற்குடியரசு தொடங்கிய செப்டம்பர் 22, 1848 குடியரசின் பிப்ரவரி 24. முடியாட்சிக் கட்சியினர் துலோனேயின் தலையை நினைவூட்டினார்கள். கொலையைக் கொண்டாடுவதா என்று கேட்டார்கள். மேலவையில் அவர்களுக்குப் பதில் சொன்னவர் ஆன்ரி மார்த்தான், தொழிலால் வரலாற்றாசிரியர். 1789 உங்களுக்கு உறுத்தினால் 1790ஐ நினைத்துக்கொள்ளுங்கள், அன்று ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஜூலை 6 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரே வாக்கியம். ஜூலை 14 ஆண்டுதோறும் தேசிய விழா என்கிறது. எந்த ஆண்டின் ஜூலை 14 என்று சொல்லவில்லை. அந்த மௌனம் திட்டமிட்டது. சட்டம் நிறைவேறியதும் அதனால்தான்.

ஜூலை 11 அன்று கம்யூன் போராளிகளுக்குப் பொது மன்னிப்பு வந்தது. மறுநாளே நாடு கடத்தப்பட்டிருந்த பத்திரிகையாளர் ஆன்ரி ரோஷ்ஃபோர் பாரிசில் ரயிலிறங்க, பெருங்கூட்டம் அவரைத் தூக்கிச் சென்றது. மூன்று நாள் இடைவெளியில் மன்னிப்பும் விழாவும் வந்ததைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. பாரிசோடு சமாதானம் செய்துகொள்ளவே குடியரசு அந்த நாளைத் தேர்ந்தது.

சமாதானத்திலும் ஓர் எச்சரிக்கை இருந்தது. முதல் விழாவின் ராணுவச் சடங்கு பாஸ்டிலில் நடக்கவில்லை. நகரின் மேற்கு விளிம்பில், காட்டை ஒட்டிய லாங்ஷான் குதிரைப் பந்தயத் திடலில் நடந்தது. 1870 போரில் தோற்றுக் கொடிகளை இழந்த படைப் பிரிவுகளுக்குக் குடியரசுத் தலைவர் ழூல் க்ரெவி புதுக் கொடிகள் வழங்கினார். ஒன்பதாண்டு முன்பு பாரிஸ் மக்களைச் சுட்ட அதே படை. இப்போது அதே மக்கள் திரண்டு கைதட்ட வேண்டும். தட்டினார்கள். 1914 வரை ஆண்டுதோறும் லாங்ஷானில் அணிவகுப்பு நடந்தது.

கிழக்குப் பாதியை நகராட்சி விட்டுக்கொடுக்கவில்லை. இன்று குடியரசுச் சதுக்கம் எனப்படும் இடத்தில் மோரிஸ் சகோதரர்கள் வடித்த குடியரசு மகளின் சிலை, சாந்து மாதிரியாக அதே 1880 ஜூலை 14 அன்றும் வெண்கலமாக 1883 ஜூலை 14 அன்றும் திறக்கப்பட்டது. அந்தச் சிலைக்கான போட்டியில் தோற்ற சிற்பி தலூவின் படைப்பு நகராட்சிக்குப் பிடித்துப்போனதால், இன்னும் கிழக்கே நாசியோன் சதுக்கத்தில் இடம் கொடுத்தார்கள். வெண்கல வடிவம் 1899இல் எழுந்தது. தலூ கம்யூனில் பங்கெடுத்து லண்டனுக்குத் தப்பியோடி, மன்னிப்புக்குப் பின் திரும்பியவர். பாஸ்டில், குடியரசு, நாசியோன் என்று மூன்று சதுக்கங்களும் சேர்ந்து உழைக்கும் பாரிசின் ஊர்வலப் பாதை ஆயின. அரசின் பாதை மேற்கே, மக்களின் பாதை கிழக்கே: ஒரே நாள், ஒரே நகரம்.

இங்கே ஓவியம் பற்றி ஒரு வார்த்தை. கொடிகள் அலையடிக்கும் பாரிஸ் தெருவை மோனே வரைந்த புகழ்பெற்ற படத்தை ஜூலை 14 காட்சி என்று பலரும் அச்சிடுகிறார்கள். அது 1878 ஜூன் 30. அந்த ஆண்டின் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த அமைதி விழா. தேசிய விழா பிறக்க இன்னும் இரண்டாண்டு இருந்தது. ஆனால் தெருவெல்லாம் மூவண்ணம் கட்டும் ஆசை சட்டத்துக்கு முன்பே பாரிசில் இருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

சட்டம் ஆனதும் விழா ஒவ்வொரு ஊர் நகர மண்டபத்துக்கும், கடல் கடந்த காலனிகளுக்கும் போயிற்று. புதுச்சேரிக்கும் வந்தது. ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னும் அங்கே ஜூலை 14 நிற்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களும், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணி செய்த ஓய்வுபெற்ற வீரர்களும் அந்த நாளை வைத்துக்கொண்டார்கள். கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சுத் துணைத் தூதர் மலர்வளையம் வைக்க, இரு நாட்டுப் பண்களும் ஒலிக்கின்றன. பதக்கம் குத்திய முதியவர்கள் விறைத்து நிற்கிறார்கள். அதே புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த பாரதி, தன் ‘இந்தியா’ பத்திரிகையில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பொறித்திருந்தார். பாரிசின் முழக்கம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக, தமிழ் எழுத்தில்.

பாரிசின் ஜூலை 14இல் இந்தியரும் நடந்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், நேச நாட்டுப் படைகளோடு இந்திய வீரர்களும் பாரிஸ் தெருக்களில் அணிவகுத்தனர். நடந்து வரும் சீக்கிய வீரரின் மார்பில் ஒரு பாரிஸ் பெண் பூக்குத்தும் புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது. 2009இல் மன்மோகன் சிங்கும் 2023இல் நரேந்திர மோடியும் சிறப்பு விருந்தினர்களாக இருந்தபோது இந்தியப் படைப் பிரிவுகள் ஷான்ஸ் எலிசேயில் நடந்தன.

அந்தச் சாலை விழாவின் வீடாக மாறியது 1919க்குப் பிறகு. போர் வெற்றிக்குப் பிந்தைய அந்த ஜூலை 14 அன்று ஊர்வலத்தின் முகப்பில் தளபதிகள் வரவில்லை. கை கால் இழந்தவர்கள், கண் போனவர்கள், சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் என ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னே போனார்கள். அவர்களுக்குப் பின்தான் குதிரைமேல் ஜோஃப்ரும் ஃபோஷும். பிரான்ஸ் அந்தக் காலை அடைந்த உச்சத்தைப் பின்வந்த எந்த அணிவகுப்பும் தொடவில்லை.

1935இல் நகரம் இரண்டாகப் பிளந்தது. இடதுசாரிக் கட்சிகள் ஒன்று கூடிப் பாசிசத்துக்கு எதிராக உறுதிமொழி எடுத்து, பிற்பகல் பாஸ்டிலிலிருந்து கிழக்கு நோக்கி லட்சக்கணக்கில் நடந்தன. அதே நாள் தீவிர வலதுசாரி அமைப்பான நெருப்புச் சிலுவையினர் மேற்கே வெற்றி வளைவுக்கு அணிவகுத்தனர். மறு ஆண்டு அந்த இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்தது. ரொமேன் ரோலனின் ‘ஜூலை 14’ நாடகம், பிக்காசோவின் ஓவியத் திரைச்சீலையோடு, பாரிசில் மேடையேறியது. 1937இல் மோன்மார்த்ரு தீயணைப்பு நிலையத்தின் கதவுகள் திறந்து, தீயணைப்பு வீரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆடினார்கள். அந்த நடன இரவு இப்போது பாரிஸ் முழுவதும் நடக்கிறது. 13ஆம் தேதி இரவே வாசலில் வரிசை நிற்கும். ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் விழாவுக்குத் தடை. 1940 ஜூலை 14ஐத் தளபதி டி கோல் லண்டனில் கொண்டாடினார்.

கிழக்குப் பாதையின் கதை 1953இல் ரத்தத்தில் நனைந்தது. அந்த ஜூலை 14 அன்று கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கத்தினரும் வழக்கம்போல் பாஸ்டிலிலிருந்து நாசியோனுக்கு நடந்தார்கள். அவர்களோடு மெஸ்ஸாலி ஹாஜின் அல்ஜீரிய விடுதலைக் கட்சியினர் ஆயிரக்கணக்கில் வந்தனர். சட்டப்படி அவர்கள் பிரான்சின் மக்கள். கேட்டது சமத்துவமும் தங்கள் தலைவரின் விடுதலையும். ஊர்வலம் நாசியோன் சதுக்கத்தை அடைந்து கலையும் நேரத்தில் காவல்துறை சுட்டது. அல்ஜீரியர் ஆறு பேர், பிரெஞ்சுத் தொழிற்சங்கத்தினர் ஒருவர், ஆக ஏழு பேர் மாண்டார்கள். குண்டடி பட்டவர் பல பத்துப் பேர். சமத்துவத்தின் பெயரால் கொண்டாடும் நாளில், குடியரசின் வெற்றிச் சிலை நிற்கும் சதுக்கத்தில். யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் அல்ஜீரியப் போர் வெடித்தது. பாரிசின் பொது நினைவிலிருந்து அந்த ஏழு பேரும் நழுவிப்போனார்கள். ஆவணப்பட இயக்குநர் டேனியல் குப்ஃபெர்ஸ்டெய்ன் சாட்சிகளைத் தேடி 2014இல் எடுத்த படம் அவர்களை மீட்டது. 2017இல் பாரிஸ் நகராட்சி அங்கே நினைவுப் பலகை வைத்தது. அறுபத்து நான்கு ஆண்டு தாமதம். 1789இல் வென்றவர்களின் பட்டியலைப் போற்றும் நாடு இந்தப் பட்டியலையும் அதே நாளில் படிக்க வேண்டும்.

அரசு விழாவைக் கிழக்கே கொண்டுவந்த ஆண்டுகளும் உண்டு. 1974இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜிஸ்கார் தெஸ்தேன், அந்த ஜூலையிலேயே படைகளைப் பாஸ்டிலுக்கும் குடியரசுச் சதுக்கத்துக்கும் இடையே நடக்க வைத்தார். பிறகு வேறு வேறு இடங்களில் நடத்திப் பார்த்தார்; 1979இல் மறுபடியும் குடியரசுச் சதுக்கத்திலிருந்து பாஸ்டிலுக்கு. இத்தனைக்கும் அவர் வலதுசாரி. 1980 முதல் ஷான்ஸ் எலிசே நிரந்தரமானது. இருநூறாவது ஆண்டான 1989இல் குடியரசுத் தலைவர் மித்தெரான் பாஸ்டில் சதுக்கத்துக்குப் புதிய இசைநாடக அரங்கு கொடுத்தார். திறப்பு ஜூலை 13. ஆனால் மறுநாள் இரவு ழான் போல் கூத் வடிவமைத்த பெரும் ஊர்வலமும், மூவண்ண உடையில் அமெரிக்கப் பாடகி ஜெஸ்ஸி நார்மன் பாடிய தேசிய கீதமும் ஷான்ஸ் எலிசேக்கும் கான்கார்டுக்குமே போயின. இடதுசாரித் தலைவரே மேற்கைத்தான் தேர்ந்தார்.

இடத்தை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020இல் கொரோனாவால் அணிவகுப்பு கான்கார்ட் சதுக்கத்துக்குள் சுருங்கியது. மருத்துவப் பணியாளர்களுக்கு மரியாதை செய்தார்கள். 2024இல் ஒலிம்பிக் ஏற்பாடுகள் கான்கார்ட் பகுதியை அடைத்துக்கொண்டதால் படைகள் ஃபோஷ் அவென்யூவில் நடந்தன. அது வெற்றி வளைவுக்கும் மேற்கே, பாரிசின் பெரும் பணக்காரத் தெருக்களில் ஒன்று. மாற்று இடம் தேவைப்பட்டபோதும் அரசின் கண் கிழக்கே திரும்பவில்லை.

1880ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்டு இல்லாதது போலவே இடமும் இல்லை. படை நடக்க வேண்டும் என்றும் அதில் இல்லை. பாஸ்டில் சதுக்கம் அண்மையில் புதுப்பிக்கப்பட்டு, நடப்பவர்களுக்கு அகன்ற தரையோடு இருக்கிறது. ஜூலைத் தூணின் உட்பகுதியை 2021 முதல் மக்கள் பார்க்கலாம். கோட்டையின் கோடுகள் தரையில் பதித்த கற்களாகத் தெரிகின்றன. ஐந்தாம் எண் மெட்ரோ தடத்தின் நிலைய மேடையில் அதன் அடிச்சுவர் தெரிகிறது. கவச வண்டிகளுக்கு அங்கே இடம் போதாது என்பது உண்மை. 1974இலும் 1979இலும் வீரர்கள் நடக்க இடம் போதுமானதாக இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது பாஸ்டிலிலிருந்து நாசியோன் வரை, 1953இன் பலகையைத் தாண்டி, தீயணைப்பு வீரர்களும் மருத்துவத் தாதியரும் ராணுவப் பள்ளி மாணவர்களும் நடக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குடியரசுத் தலைவரின் ஒரு முடிவு போதும்.